மூலம் என்னும் சொல்: கஞ்சித்தொட்டியிலிருந்து சில குறிப்புகள்

தமிழில் மூலம் என்கிற சொல்லுக்கு வேர், ஆதி, காரணம் என்றெல்லாம் பொருள். மூலப்பிரதி, மூலதனம், மூலவர் என எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. ஆசனவாய் வழியாக ரத்தம் போகிற நோய்க்கும் இதே பெயர். வடசென்னையில் மலத்தோடு ரத்தம் போகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், 'எனக்கு மூலம்' என்பார். எதனால் என்றால் 'சூடு' என்பார். நோயின் பெயரே காரணத்தின் பெயராகவும் அமைந்துவிட்டதால் காரணத்தைத் தேடும் வேலை அத்தோடு முடிந்துபோகிறது. அது எப்படி முடிகிறது, யாருக்காக முடிகிறது, எந்தெந்தக் காலத்தில் எந்தெந்தச் சொல் வந்து அதை முடித்துவைத்தது என்பதுதான் இங்கே என் அக்கறை.

கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற மின்ரயிலில் ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று வண்டி போகப்போக பெட்டிக்குள்ளும் வெளியே மதில்களிலும் ஒரே வாசகம்: மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். கட்சிச் சுவரொட்டியை இன்னொரு கட்சிக்காரன் கிழிப்பான், சினிமா போஸ்டரை மாடு தின்னும். இதை யாரும் கிழிப்பதில்லை. உழைக்கிற ஜனத்தின் உடம்பைப் பற்றி நகரம் பொதுவில் எழுதிவைத்திருக்கிற மிகப் பெரிய பிரதி இதுதான் எனலாம். இந்தப் பிரதியை நம் விமர்சகர்கள் வாசித்ததில்லை. ஆசனவாய் விமர்சனத்துக்குரிய உறுப்பாக இன்னும் ஆகவில்லை போலும்.

முதலில் ரத்தத்தை வாசிப்போம். மருத்துவர்கள் அதை நிறத்தாலும், வருகிற நேரத்தாலும், வலியாலும் பிரிக்கிறார்கள். மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக விழுந்து வலி இல்லையென்றால் பெரும்பாலும் அது மூலம்தான்: ஆசனவாயின் ரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கிக் கீழிறங்கியிருக்கின்றன. பிளேடால் கீறியது போன்ற வலியும் மலத்தின் மேல் ஒரு கோடாக ரத்தமும் என்றால் வெடிப்பு. அடிவயிறு முறுக்கி, முக்கிமுக்கி உட்கார்ந்தும் கொஞ்சமே போய், அதுவும் சளியும் ரத்தமுமாகக் காய்ச்சலோடு வந்தால் சீதபேதி. மாதக்கணக்கில் சளியும் ரத்தமும் வந்துகொண்டிருந்தால் பெருங்குடல் புண்ணாகிற நாட்பட்ட அழற்சி நோயாக இருக்கலாம். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்துப் போனால் ரத்தம் மேலே இரைப்பையிலிருந்து கிளம்பியிருக்கிறது. முதுகுவலிக்குத் தினம் மாத்திரை போட்டுக்கொள்கிற மூட்டைத் தொழிலாளிக்கும், சாராயத்தால் கல்லீரல் சுருங்கிப்போனவருக்கும் இப்படி வரும். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும். அது வேறு.) கடைசியாக ஒன்று: ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறது, சில வாரமாக மலம் போகிற வழக்கமே மாறிவிட்டது, போய்விட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறது, எடை குறைகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இது குடல் புற்றாக இருக்கலாம். மலக்குடலில் வருகிற கட்டிகளில் பல, மருத்துவரின் ஒரு விரலுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. கையுறை, கொஞ்சம் வழவழப்பு, ஒரு நிமிஷம். அவ்வளவுதான் செலவு.

இத்தனை வெவ்வேறு ரத்தங்களையும் மூலம் என்கிற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது. இதற்குச் சித்த வைத்தியத்தின் மேல் பழிபோடுவது சுலபம். ஆனால் சித்த நூல்களை எடுத்துப் பார்த்தால் மூலத்தை 21 வகையாகப் பிரிக்கின்றன. ரத்த மூலம், சீழ் மூலம், உள்மூலம், வெளிமூலம் என்று போகிறது பட்டியல். கழிச்சலை அதற்குத் தனியாகவே வைத்துப் பேசுகின்றன. 21 என்பது ஒன்றாகச் சுருங்கியது சுவரொட்டியில்தான். கருணைக்கிழங்கு லேகியத்தைப் பாட்டிலில் அடைத்து விற்க ஒரு சொல் போதும். சரக்குக்குப் பல பெயர் இருந்தால் வியாபாரம் ஓடாது.

இனி பழைய கதைக்கு வருகிறேன். ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி 1780களின் தொடக்கத்தில் சென்னையில் பஞ்சம் வந்தபோது ஊருக்குள் வந்து விழுந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் அது. மணியக்காரர் பொறுப்பில் இருந்ததால் மணியக்காரர் சத்திரம் என்று பெயர் வந்தது, வெள்ளைக்காரன் வாயில் அது மோனேகர் சவுல்ட்ரி ஆயிற்று. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்கிற மருத்துவர் அங்கே மருத்துவமனை தொடங்கினார். பிறகு மருத்துவப் பள்ளி வந்தது, கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்ற அது 1938-இல் கல்லூரி ஆயிற்று. சத்திரம் பக்கத்திலேயே முதியோர் இல்லமாகத் தங்கிவிட்டது. நிற்கிற தெருவுக்குப் பெயர் பழைய ஜெயில் ரோடு. ஜெயில் இருந்த இடத்தில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. மருத்துவப் பார்வை பாரீஸ் மருத்துவமனைகளில், பிணம் அறுக்கிற மேஜையில் பிறந்தது என்று ஃபூக்கோ 1963-இல் எழுதினார். எங்கள் ஊரில் அது கஞ்சித்தொட்டிக்கும் ஜெயிலுக்கும் நடுவில் பிறந்தது. இந்த வித்தியாசத்தைத் தமிழில் ஃபூக்கோ பேசியவர்கள் போதுமான அளவு பொருட்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். மாகாணத்தின் உட்பகுதிகளிலிருந்து ஜனங்கள் சென்னைக்கு நடந்து வந்தார்கள். வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த தானியம் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்து கிடந்தது, அதற்குப் போலீஸ் காவல். மணியக்காரர் சத்திரத்தில் மறுபடியும் கஞ்சி. வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பிவைத்தார். 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது தாராளமாகச் செலவழித்து உயிர்களைக் காப்பாற்றியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவர் இந்த டெம்பிள். அதை ஈடுகட்ட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு இருந்தது. நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அறிவித்தார்.

இதை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1863-இலேயே சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அறிக்கை எழுதியவர் அவர். வேலை செய்கிற உடம்புக்கு ஒரு ராத்தல் தானியம் காணாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் குடலே சுருங்கி அழிந்துபோகிறது, ஒரு கட்டத்துக்குப் பிறகு சோறு போட்டாலும் அது செரிக்காமல் அப்படியே வெளியேறும் என்றும் அவர் சுட்டினார். டெம்பிள் போன பிறகு, 1877 கோடையில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் பேதியும் ரத்தபேதியும் பரவிவிட்டிருந்தன.

கார்னிஷ் சொன்னதை மேஜை மீது கிடத்திப் பார்த்தவர் அலெக்சாண்டர் போர்ட்டர் என்கிற ராணுவ மருத்துவர். சென்னைப் பஞ்ச நிவாரண முகாமில் இறந்தவர்களின் உடல்களை, நானூறுக்கும் மேலே, அறுத்துப் பார்த்துப் பதிந்தார். 1889-இல் அது அரசு அச்சகத்தில் நூலாக வந்தது. பட்டினி மனித உறுப்புகளை என்ன செய்கிறது என்று இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர்களும் போர்ட்டரின் எண்களைத்தான் எடுத்தாண்டார்கள். அதாவது பட்டினி பற்றிய உலக அறிவின் ஒரு பகுதி சென்னைக்கு நடந்து வந்து செத்தவர்களின் குடலிலிருந்து எழுதப்பட்டது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கமான காரியம் நடக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முகாம் பதிவேட்டில் சாவுக்குக் காரணம் என்று ஒரு பத்தி. அதில் எழுத வேண்டியது நோயின் பெயர். ரத்தபேதி, பேதி, காலரா, காய்ச்சல். பட்டினி என்று எழுத இடமில்லை என்பதல்ல. எழுதினால் யாரோ பொறுப்பேற்க வேண்டும். ரத்தபேதிக்கு யாரும் பொறுப்பில்லை, அது கிருமி செய்தது, நீர் செய்தது, கறுப்பனின் அசுத்தம் செய்தது. அந்தப் பட்டினி உடம்புக்கு ரத்தபேதி என்பது அறிகுறி. பதிவேட்டில் அது காரணம். அறிகுறியைக் காரணத்தின் பத்திக்குள் தள்ளிவிடுகிற இந்த எழுத்துவேலைதான் நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம். சுதந்திர இந்தியாவிலும் பட்டினிச் சாவு என்று சட்டமன்றத்தில் எவரேனும் கேட்டால், இல்லை, அவர் வயிற்றுப்போக்கால் இறந்தார் என்றுதான் பதில் வரும். ருடால்ஃப் விர்கோ 1848-இல் மேல் சைலீசியாவுக்குப் போய் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்துவிட்டு, மருந்தாக ஜனநாயகத்தையும் கல்வியையும் எழுதிக் கொடுத்தார். கார்னிஷ் அந்த அளவுக்குப் போகவில்லை. காலனியின் ஊழியர் அவர். கேட்டது அரை ராத்தல் கூடுதல் தானியமும் கொஞ்சம் பருப்பும்தான். ஆனால் அந்த அரை ராத்தலுக்குள் ஒரு அரசியல் இருந்தது என்பதை டெம்பிள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

காலராவுக்கும் ரத்தபேதிக்கும் கிடைத்த வேறுபட்ட மரியாதையையும் பாருங்கள். காலராவில் ரத்தம் வராது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போகும். அது கப்பல் ஏறும். துறைமுகங்களை மூடவைக்கும். வியாபாரத்தை நிறுத்தும். ஆகவே 1851-இல் பாரீஸில் தொடங்கி அரசுகள் ஒன்றுகூடி மாநாடு மாநாடாகப் பேசின. சென்னை அந்தப் பேச்சில் சந்தேகத்துக்குரிய துறைமுகங்களில் ஒன்று. 1992 இறுதியில் ஓ139 என்கிற புதிய காலரா வகை சென்னையில் தலைகாட்டியபோதும் உலகம் உடனே திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்க்க வேண்டியதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. ரத்தபேதிக்காக எந்தத் துறைமுகமும் மூடப்பட்டதில்லை. அது ஜெயிலில், முகாமில், சேரியில் இருந்த இடத்திலேயே கொன்றது. 1897-இல் ஜப்பானில் கியோஷி ஷிகா அதன் பாக்டீரியாவைக் கண்டார். அமீபாதான் இன்னொரு வகைச் சீதபேதிக்குக் காரணம் என்பதை மெய்ப்பிக்க 1913-இல் வாக்கரும் செல்லார்ட்ஸும் மணிலாவின் பிலிபித் சிறைக் கைதிகளுக்கு அமீபாவை விழுங்கக் கொடுத்தார்கள். இங்கும் காரணத்தை நிறுவியது அடைபட்ட உடம்புதான்.

அதுவரையிலும், பிறகும்கூட, மலத்தில் ரத்தம் போவதை முதலில் பார்த்தவர் யார்? மருத்துவர் இல்லை. நோயாளியும் இல்லை. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் விடியற்காலையில் வீட்டுக்குப் பின்புறமாக வந்து வாளியில் அள்ளிப்போன தோட்டிப் பெண்ணுக்குத்தான் தெரியும் எந்த வீட்டில் யாருக்குச் சீதம் போகிறது, எந்தத் தெருவில் இந்த வாரம் ரத்தம் கூடியிருக்கிறது என்று. ஒரு நகரத்தின் குடலைப் பற்றி அத்தனை துல்லியமாக அறிந்திருந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கேட்பதே தீட்டு. மலத்தைப் பார்க்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு மற்ற சாதிகள் கண்ணை மூடிக்கொண்டன. 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன, மலக்குழியில் இறங்கிச் சாவது நிற்கவில்லை. அந்தக் கொடுமை ஒருபக்கம். இன்னொரு பக்கம், கண்ணை மூடிக்கொள்ளப் பழகிய பண்பாடு தன் நோயையும் பார்ப்பதில்லை. 'மலம் எப்படிப் போகிறது, கலர் என்ன?' என்று டாக்டர் கேட்டால் படித்தவர்களே நெளிகிறார்கள். சாதி ஆசாரம் நோயைத் தாமதப்படுத்துகிறது என்று நான் சொன்னால் மிகை என்பார்கள். பரவாயில்லை.

என் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். கோதுமை, உரம், கப்பலுக்கு ஏற்றபடி. வெயிலில் தண்ணி குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்க வேண்டி வரும், ஒதுங்கினால் கேங்கில் ஆள் குறையும். 1985 வாக்கில் ரத்தம் போக ஆரம்பித்தது. 'மூலச்சூடுதான், இன்னா பண்ணும்' என்று துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டார், கருணைக்கிழங்கு சாப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தார். சுவரொட்டி போட்ட ஒருத்தரிடம் ஆறு மாசம் போனார். அவர் கட்டுப் போட்டார், காசு வாங்கினார், உள்ளே விரல் விட்டுப் பார்க்கவில்லை. மூட்டையோடு பலகை ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றபோது 'வயசாகுது நைனா' என்றோம். வயசு நாற்பத்தேழு. ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போய்ப்போய் உடம்பு வெளுத்திருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, 'எத்தனை நாளா இப்படி இருக்கு?' என்றார். 'ரெண்டு வருசமா மூலம்மா.' 'மூலம்னு யார் சொன்னது?' நைனாவிடம் பதில் இல்லை. யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சொன்னார்கள். 1988-இல் இறந்தார்.

பழைய பஞ்ச முகாமையும் நைனாவையும் ஒரே கோட்டில் வைப்பது சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். 1877-இல் அறிகுறியைக் காரணம் என்று எழுதியது அரசு. 1985-இல் அறிகுறியைக் காரணம் என்று சொன்னது நாங்களேதான், எங்கள் வாயால். அதிகாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்று வாசித்திருக்கிறோம். அது ஒரு சொல்லாக வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை நான் இந்த ஒரு நோயில்தான் பார்த்தேன். ஆனாலும் திண்ணையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நைனாவுக்குத் தண்ணி குடிக்க நேரமில்லாமல் செய்தது யார் என்று கேட்க வேண்டும். (தண்ணி குடிக்காததால் புற்று வந்தது என்று நான் சொல்லவில்லை. மலச்சிக்கலும் மூலமும் அதனால் வரும். மூலம் சகஜமான ஊரில் புற்று அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.)

நேரம் பற்றிய இந்தக் கேள்வி வடசென்னைக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது வாடியாவும் செல்வபதிச் செட்டியாரும் எடுத்த முதல் குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. சாப்பிட்டு, கழிந்து, கை கழுவிவிட்டு மணியடிப்பதற்குள் மில்லுக்குள் ஓட வேண்டும். நம் தொழிற்சங்க வரலாறுகள் கூலியை எழுதின, வேலைநிறுத்தத்தை எழுதின, துப்பாக்கிச் சூட்டை எழுதின. குடலை எழுதவில்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், 19-ஆவது பிரிவு, தொழிலாளர்கள் எல்லா நேரமும் போய்வரக்கூடிய கழிப்பறை இருக்க வேண்டும் என்கிறது. எல்லா நேரமும் என்கிற சொற்கள் அதில் இருக்கின்றன. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்ப்பவரிடம், கன்டெய்னர் லாரியோடு எண்ணூர் விரைவு சாலையில் வரிசையில் நிற்கிற டிரைவரிடம் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்கள். லாரி டிரைவர் தொழிற்சாலைக்குள்ளும் வரமாட்டார், சட்டத்துக்குள்ளும் வரமாட்டார். நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து, அடக்கி, பரோட்டா தின்று, ராத்திரி குடித்து. ஆசனவாய்க்கு இதைவிடக் கேடான ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது.

தூரம் இன்னொன்று. அடையாறில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கேதான் பராமரிக்கப்படுகிறது. கஞ்சித்தொட்டிப் பதிவேட்டுக்குப் பிறகு எங்கள் உடம்புகள் ஏறிய நேர்மையான பதிவேடு அது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் எண்ணூரிலிருந்து அடையாறு நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி. ரத்தம் போகிற மனிதர், வழியில் கக்கூஸ் எங்கே என்று தெரியாமல், பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். ஸ்டான்லி பக்கத்தில் இருக்கிறது, அங்கே காலை ஓ.பி. வரிசையில் நின்றால் அரை நாளாவது போகும். ஆனால் விரல் பரிசோதனைக்கு ஸ்டான்லியும் வேண்டாம், அடையாறும் வேண்டாம். தெருமுனை மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஒரு திரையும் கையுறையும் போதும். நாற்பது வயது தாண்டியவர் ரத்தம் போகிறது என்று சொன்னால் பார்க்காமல் மாத்திரை எழுதக் கூடாது என்பது கஷ்டமான கோரிக்கை இல்லை. இளவயதுக்காரர்களுக்கும் நம் நாட்டில் இது வருகிறது என்பதால் வயதைக்கூட அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

பெண்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது, எழுதினாலும் ஓர் ஆண் எழுதுவதாகத்தான் இருக்கும். காசிமேட்டு ஏலக் கூடத்துக்கு நள்ளிரவு தாண்டியதும் கூடையோடு போகிற மீன்காரப் பெண்கள் விடிந்து, விற்று, வீடு வந்து சேர்கிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருப்பவர்கள். பிரசவத்தோடு வந்த மூலம் அவர்களில் பலருக்கு உண்டு. ரத்தம் வந்தால் மாதவிலக்கா, மூலமா என்பதை வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள். என் அத்தையிடம் ஒரு தடவை, கூச்சத்தை விட்டுவிட்டு, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். 'காட்டறதுக்கு இன்னா கீது அதுல? பொம்பள டாக்டர் இருந்தா காட்லாம். அதுவும் எத்தினி மணிக்கு? அவங்க வர்ற நேரம் நா ஏவாரத்துல இருப்பேன்' என்றார். பிறகு, வீட்டில் ஆண்கள் எழுந்துகொள்வதற்கு முன்பு தான் எழுந்துவிடுவதற்கான உண்மையான காரணத்தையும் சொன்னார். அந்தச் சந்தில் நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். நாலரை மணிக்குப் பிறகு வரிசை.